ஒண்டுக்குடித்தனச் சித்திரம்

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் பிறந்து வளர்ந்தவனுக்கு, அறை என்பது ஒருவனுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் என்கிற எண்ணம் வாழ்க்கையில் சற்றுத் தாமதமாகத்தான் உதிக்கிறது. 1884இல் தொடங்கிப் பின்னாளில் பின்னி மில் என்றே பெயர் நிலைத்துவிட்ட ஆலையின் சங்கையும், இப்போது மந்திரி மால் நிற்கும் இடத்திலிருந்த ராஜா மில்லின் சங்கையும் கேட்டுப் பொழுதை அளந்த தமிழ்க் குடும்பங்கள், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிவிட்ட குடித்தனங்களில், ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு மொட்டைமாடி என்று பங்கிட்டுக்கொண்டு குடியேறிய பேட்டை இது. இவ்வமைப்பைக் கன்னடத்தார் 'வட்டார' என்பார்கள், நம்மவர்க்கு ஒண்டுக்குடித்தனம். நான் வளர்ந்த வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஐந்து பேர். ஆகவே படுக்கை, படிப்பு, சாப்பாடு, சண்டை ஆகிய யாவும் ஒரே ஸ்தலத்தில் வெவ்வேறு நேரங்களில் நடைபெற்றன.

அந்த முற்றத்துக்கு எழுதாச் சட்டங்கள் சில உண்டு. மூன்றாம் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பையன் இருந்தால் ஐந்தாம் வீட்டு ரேடியோ தானாகத் தணிந்துவிடும். இரவுஷிப்ட் முடித்து வந்து ஒருவர் பகலில் உறங்கும் வீட்டின் வாசலைக் கடக்கும்போது பிள்ளைகளும்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும். மாடிக் கொடியில் யாருடைய புடவை எவ்வளவு தூரம்வரை உலரலாம் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் இருந்தன. இதையெல்லாம் ஏதோ சத்திய யுகமாக வர்ணிப்பது என் நோக்கமன்று. குழாயடியில் குடம் வீசப்பட்டு நெற்றி கிழிந்ததையும், ஒரு சுவரை நாலங்குலம் நகர்த்திக் கட்டியதற்காக இரண்டு குடும்பங்கள் பதினைந்து வருஷம் பேசாதிருந்ததையும் நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். இந்தப் பழைய சமாசாரங்களை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளும்படியான நிர்ப்பந்தம், சற்றும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து, அதாவது என் அக்காள் மகளின் மடிக்கணினியிலிருந்து, வந்து சேர்ந்தது.

நாங்கள் ஐவர். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே சித்திரப் பித்துப் பிடித்தவர்கள். ஆனால் எவரும் சித்திரக்காரராகப் பெயர் வாங்கவில்லை. ஒருவர் கடைகளுக்குப் போர்டு எழுதுபவர். ஒருவர் பீண்யாவில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் ஒசூரில் வங்கிக் குமாஸ்தா. ஒருவர் டொரண்டோவுக்குப் போய் இருபத்தைந்து வருஷமாகிறது. நான் அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் முற்றத்து மொட்டைமாடியில், ஐவரும் காசு போட்டு வாங்கிய ஒரே ஒரு சார்ட் தாளை விரித்து, நாலு மூலையில் நாலு கல்லை வைத்து, ஐந்து பேரும் ஐந்து பக்கத்திலிருந்து குனிந்து வரைவோம். ஒரு தாளுக்கு மேல் வாங்க வகையில்லாததால் உண்டான ஏற்பாடே தவிர, இதில் கலைத் தத்துவம் ஏதுமில்லை. அண்டையிலுள்ள சேஷாத்திரிபுரத்தில் ஆர்.எம். ஹடபத் நிறுவிய கென் கலைப்பள்ளியின் வாசல்வரை போய், உள்ளே ஓவியத் தாங்கிகளின்மீது ஆளுக்கொரு தாள் தனித்தனியே சாய்ந்திருப்பதைக் கண்டு, இவர்கள் எவ்வளவு வசதி படைத்தவர்கள் என்று வியந்து திரும்பியது ஞாபகமிருக்கிறது.

அந்தத் தாள் பிற்பாடு கையெழுத்துப் பத்திரிகையாயிற்று. தமிழ்நாட்டிலும் தமிழர் குடியேறிய நகரங்களிலும் ஒரு தலைமுறை இளைஞர் நடத்திய அந்த வகைப் பத்திரிகைக்கு ஒரே பிரதிதான் உண்டு. அது கை மாறிக் கை மாறிப் போய், ஒவ்வொரு வீட்டிலும் எண்ணெய்க் கறையும் ஓரக்குறிப்பும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் எவர் வீட்டிலோ தங்கிவிடும். எங்களுடையதும் அப்படியே தங்கிவிட்டது. அப்புறம் கல்யாணங்கள், மாற்றல்கள், கடன்கள்.

ஐவரும் மறுபடியும் ஒரே தாளில் வரைவதற்கு இணையத்தில் ஓர் அறை அமைத்துத் தருவதாக என் அக்காள் மகள் முன்வந்தபோது, நான் அதைக் குழந்தைத்தனமான யோசனை என்றே எண்ணினேன். முதலில் அவள் திறந்து காட்டியது எக்ஸ்காலிட்ரா என்ற பலகை. 2020ஆம் வருஷத் தொடக்கத்தில் வெளிவந்த இந்தச் சாதனத்தில் ஒரு சுட்டியை அனுப்பினால் போதும், நண்பர்கள் உள்ளே வந்துவிடலாம். பலகையில் உள்ளதைத் திறக்கும் சாவி அந்தச் சுட்டியின் வாலிலேயே இருக்கிறது. அந்த வால்பகுதியை உலாவி எங்கும் அனுப்புவதில்லையாகையால், இடையில் நின்று கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கே தான் சுமப்பது இன்னதென்று தெரியாது. இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் போர்டு எழுதும் நண்பருக்கு அது அறவே பிடிக்கவில்லை. கோடுகளும் கட்டங்களும் கையால் போட்டவை போலத் தோன்றவேண்டுமென்று அதைச் செய்தவர்கள் அவற்றுக்கு ஒரு நடுக்கத்தை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்கள்.

"நான் இழுத்த கோடு நேராத்தானே இருக்கு? இது ஏன் குடிச்சவன் கை மாதிரி நடுங்குது?" என்றார் அவர் தொலைபேசியில்.

அவர் கோபம் நியாயமானது. நாற்பது வருஷம் ஏணிமேல் நின்று, சுண்ணாம்புக் கயிறு தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேர்கோடு இழுக்கக் கற்றவருக்கு, கையால் போட்டது என்றால் கோணலாகத்தான் இருக்கும் என்கிற அனுமானம் தம் தொழிலையே பரிகசிப்பதாகப்பட்டது. அந்தப் பலகையில் கோணலுக்கு மூன்று தரங்கள் வைத்திருக்கிறார்கள் என்றும், கட்டடக்கலைஞர், ஓவியர், கேலிச்சித்திரக்காரர் என்று அவற்றுக்குப் பெயர் என்றும், கட்டடக்கலைஞரைத் தேர்ந்தால் நடுக்கம் அடங்கும் என்றும் என் அக்காள் மகள் விளக்கினாள். "போர்டு எழுதறவனுக்கு அதுல இடமில்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியேறினார்.

இரண்டாவதாக வந்தது டிராபைல். பின்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கிய, எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய மென்பொருள் அது. தூரிகைகளும் வர்ண அடுக்குகளும் உடைய மெய்யான சித்திரக்கூடம். ஆனால் இதற்கு ஒரு சர்வர் வேண்டும் என்றாள். சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் தோளில் துண்டோடு ஐந்து மேஜைக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறும் ஹோட்டல் சர்வர்தான் என் கண்ணில் நின்றார்; நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் தர்ஷினிகள் பெருகிய இந்நகரத்தில் அந்த ஜாதி அருகி வருகிறது. ஆயினும் விஷயத்தைக் கேட்டறிந்தபோது உவமை அப்படியொன்றும் பிசகாகத் தோன்றவில்லை. ஒரு மேஜையில் சொன்னதை மற்ற நான்கு மேஜைக்கும் உடனே கொண்டுசேர்ப்பதும், எவர் முதலில் சொன்னார் என்பதை நினைவில் வைத்து வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்வதுமே அதன் வேலை.

அந்தச் சர்வரை என் வீட்டுக் கணினியிலேயே வைத்துவிடலாமே, வாடகை மிச்சமாகுமே என்று கேட்டேன்.

"முடியாது மாமா. நீங்க இங்க ரூம் தொறந்தாலும் வெளிலருந்து யாரும் உள்ள வர முடியாது. நம்ம வீட்டுக்குன்னு தனி அட்ரஸே கிடையாது."

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏற்படக்கூடிய எண்கள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகின் ஜனத்தொகைக்கு ஆளுக்கொன்றுகூட வராது. ஆகையால் இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் பலவும் ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. உள்ளேயிருந்து வெளியே போகிற எவரையும் அந்த ஏற்பாடு தடுப்பதில்லை. வெளியேயிருந்து ஒருவர் நம்மைத் தேடி வந்தால்தான், எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறார். அதாவது, கம்பியில்லாத ஆகாயத்திலும் நாங்கள் ஒண்டுக்குடித்தனத்தில்தான் இருக்கிறோம்! எங்கள் பழைய முற்றத்தில் ஏழு வீட்டுக்கும் ஒரே கதவெண் இருந்ததையும், புதிய தபால்காரர் வந்தால் வாசலில் நின்று பெயரைக் கூவியதையும் எண்ணிச் சிரித்துக்கொண்டேன். கடைசியில், கதவெண் தனியாக உள்ள ஓர் இயந்திரத்தை எங்கோ வாடகைக்கு அமர்த்தினோம். மாதம் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஐவருக்கும் ஆளுக்கு நூறு. சார்ட் தாளுக்குக் காசு போட்ட அதே கணக்கு.

டிராபைலின் உள்வேலையில் என்னை வசீகரித்த அம்சம் ஒன்றுண்டு. ஒருவர் கோடு போட்டால் அந்தக் கோட்டின் பிம்பம் மற்றவர்களுக்கு அனுப்பப்படுவதில்லை. கோடு எங்கே தொடங்கிற்று, எந்தத் தூரிகை, எந்த நிறம், எங்கே அழுத்தம் கூடிற்று, எங்கே முடிந்தது என்கிற செயல்முறை மட்டுமே அனுப்பப்படுகிறது. அதைப் பெற்ற ஒவ்வொரு கணினியும் அந்தக் கோட்டைத் தன்னிடத்தே மீண்டும் போட்டுக்கொள்கிறது. தாமதித்து வருகிறவருக்கு முடிந்த படம் கிடைப்பதற்கு முன்னால், அதுவரை நிகழ்ந்த கைவீச்சுகள் யாவும் அவர் கண்ணெதிரே விரைவாக நடந்து காட்டப்படுகின்றன. வரலாறு மிகவும் பெருத்துவிட்டால் அதைச் சுருக்கிவிட்டு அன்றைய நிலையிலிருந்து தொடங்கும் ஏற்பாடும் இருக்கிறது. மனிதர்க்கும் இது வாய்த்தால் பல சண்டைகள் குறையலாம்.

சித்திரத்தைப் பண்டமாகக் கொள்ளாமல் செய்கையாகக் கொள்ளும் இந்தப் பார்வை நமக்குப் புதியதன்று. 1974இல் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் கோலங்களை விவரிப்பதற்கென்று ஓர் இலக்கணத்தை வகுத்துக் கணினி வரைபடத் துறையின் ஆய்விதழொன்றில் வெளியிட்டார்கள். புள்ளிகளை வரிசையாக நிறுத்தி, இன்ன விதிப்படி இன்ன உருவம் வளரும் என்று எழுதுவது அம்முறை. வாசலில் குனிந்து இழை இழுக்கும் பெண், படத்தை மனப்பாடம் செய்திருப்பதில்லை. அது உண்டாகும் விதத்தை விரல்களில் வைத்திருக்கிறாள் என்பதை, கணக்கறிந்த அந்த மூவரும் கணக்கின் பாஷையிலேயே சொல்லிவிட்டார்கள். நம் சிறுபத்திரிகைகள் பிற்பாடு அமைப்பியலையும் அதற்கப்பாலுள்ளவற்றையும் பாரிஸிலிருந்து வரவழைத்துக்கொண்டன. தாம்பரத்தில் நிகழ்ந்ததற்கு அவை போதுமான கவனம் தரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தொலைவிலிருக்கும் இருவர் ஒரே தளத்தில் கை வைப்பது என்பதற்கும் நாம் எண்ணுவதைவிட வயது அதிகம். 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்ஸிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் ஒரு பெரும் சபைக்கு முன் அமர்ந்து, சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கிலிருந்த தம் சகாவுடன் ஒரே திரையில் வேலை செய்து காட்டினார். இருவருடைய சுட்டுமுனைகளும் ஒரே எழுத்துக்களின்மேல் ஊர்ந்தன. அந்நிகழ்ச்சியின் சலனப்படத்தை இன்று காண்கிறவர்களுக்கு அந்த இயந்திரத்தின் சாமர்த்தியம் அவ்வளவு வியப்பளிப்பதில்லை. நான் வியந்தது வேறொன்றைப் பார்த்து: இரண்டு முனைகளும் சந்தித்த கணத்தில் அவ்விருவருக்கும் உண்டான அந்தச் சின்னஞ்சிறு தயக்கம். ஒரே வாசற்படியில் எதிரெதிரே வந்துவிட்ட இருவர், யார் ஒதுங்குவதென்று தெரியாமல் விழிக்கும் அதே தயக்கம்.

எங்கள் அறை திறந்த முதல் நாள், டொரண்டோவில் காலை பத்தரை, இங்கே இரவு எட்டு. வெள்ளைத் தளம் எல்லையற்றதுபோல் விரிந்து கிடந்தது. ஐந்து பெயர்ச்சீட்டுகள் தாங்கிய ஐந்து முனைகள் அதில் மிதந்தன. ஆச்சரியம் என்னவென்றால், இடத்துக்குப் பஞ்சமே இல்லாத அந்தப் பெருவெளியில் ஐவரும் தத்தம் பழைய மூலைகளைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டோம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்காருகிறவர் வலதுமேல் மூலையிலும், படிக்கட்டுப் பக்கத்துக்காரர் இடதுகீழ் மூலையிலும்! நாற்பது ஆண்டுகளும் இரண்டு கண்டங்களும் கடந்து, உடம்பு தன் ஸ்தானத்தை ஞாபகம் வைத்திருந்தது. நடுவில் ஒருவரும் வரையவில்லை. அன்றிரவு மிஞ்சியதெல்லாம் ஐந்து தனிப்படங்களும் அவற்றுக்கிடையே ஒரு வெற்றுவெளியும்தான்.

இந்த வெற்றுவெளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சோழமண்டலம் நினைவுக்கு வந்தது. சென்னைக் கலைக்கல்லூரியிலிருந்து தேறி வரும் இளைஞர்கள், வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஏதேனும் உத்தியோகத்தில் ஒடுங்கிவிடுவதைக் கண்டு மனம் வெதும்பிய அதன் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் நகரத்துக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் ஓவியர் கிராமமொன்றைத் தோற்றுவித்தார். தயாள சிந்தையுள்ள தனவந்தர் எவரும் நிலத்தைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை. அவர்கள் மெழுகுபூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் உலோகக் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்த வருமானத்தைக்கொண்டு மணல்மேட்டை வாங்கினார்கள். காலையில் விற்பனைக்குரியதைச் செய்து, மீந்த பொழுதில் தமக்குரியதை வரைவது என்கிற இந்த ஏற்பாட்டில் ஒரு சன்னியாசமும் ஒரு சாமர்த்தியமும் சேர்ந்திருந்தன.

அந்தக் கிராமத்தின் சரித்திரத்தில் என்னை ஈர்த்தது அவர்கள் எதைச் சேர்ந்து செய்யவில்லை என்பதே. நிலத்தைச் சேர்ந்து வாங்கினார்கள், பிழைப்பைச் சேர்ந்து தேடினார்கள், திறந்தவெளி அரங்கில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆயின் திரைச்சீலையை மட்டும் ஒருவரும் பங்கிட்டுக்கொள்ளவில்லை. சுல்தான் அலியின் பழங்குடித் தெய்வங்களும் பணிக்கரின் எழுத்தும் குறியும் நிறைந்த ஓவியங்களும் சேனாதிபதியின் உருவங்களும் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தன. ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. அவ்வூரில் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டு எஸ்.ஜி. வாசுதேவ் பிற்பாடு நம் பெங்களூருக்கே வந்து சேர்ந்தார். அவருடைய மரங்களில் சோழமண்டலத்துக் காற்று வீசுகிறதா என்று விமரிசகர்கள் ஆராயட்டும். அண்டை வீட்டில் ஒருவன் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான் என்கிற உணர்வு கையை எப்படி மாற்றுகிறது என்பது படத்தில் அகப்படாத விஷயம். ஆனால் வீடுகளைத் தனித்தனியாகக் கட்டிக்கொண்ட அந்த முடிவில் ஒரு பட்டறிவு இருந்ததென்று, எங்கள் அறையில் நேர்ந்த சம்பவத்துக்குப் பின்னர் உணர்ந்தேன்.

டிராபைலில் ஒருவர் தாம் செய்ததைத் திரும்பப் பெறலாம். தம்முடையதை மட்டுமே பெறலாம். பிறர் போட்ட கோடு நம் ரத்துக்குக் கட்டுப்படாது. இது நியாயம். ஆனால் அழிப்பான் என்று ஒன்று இருக்கிறதே, அந்த இயந்திரத்தின் கண்ணுக்கு அதுவும் ஒரு தூரிகைதான். அது பூசுவது வெறுமை. அதை எவர் எங்கே வேண்டுமானாலும் பூசலாம். திரும்பப் பெறுவது ஒருவன் தன் வார்த்தையைத் தானே விழுங்குவது. அழிப்பது மற்றவன் வாயை மூடுவது. இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்களாக வைத்த சாஸ்திரக்காரர் நம் முற்றத்தில் ஒரு வாரம் குடியிருந்திருந்தால் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்.

எட்டாம் வாரத்தில் அது நடந்தது. டர்னர் நண்பர் நடு வெளியில் மூன்று நாட்களாகப் பழைய மில்லின் புகைபோக்கியை வரைந்துகொண்டிருந்தார். அவர் கை இயந்திரக் கை. செங்கல் செங்கலாக, மில்லிமீட்டர் பிசகாமல். வங்கி நண்பருக்கு அந்தத் துல்லியம் படத்தையே கட்டிப்போடுவதாகத் தோன்றிற்று போலும். ஒரு நள்ளிரவில் தனியே வந்து, அகலமான அழிப்பானால் புகைபோக்கியின் மேற்பாதியை எடுத்துவிட்டு, அங்கே கருநீலத்தில் தாராளமாக ஒரு புகையை விசிறிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, என் மனத்துக்குள் ஒத்துக்கொள்கிறேன், முன்னைவிட அழகாகவே இருந்தது. காலையில் வந்து பார்த்த டர்னர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

என் அக்காள் மகள் உபாயம் சொன்னாள். "உங்களத்தான் மாமா ஆப்பரேட்டரா வெச்சிருக்கேன். ஆளுக்கொரு லேயர் குடுத்துப் பூட்டிடுங்க. ஒருத்தர் லேயர்ல இன்னொருத்தர் கைவைக்க முடியாது." அப்படிச் செய்திருக்கலாம், பெரும்பான்மை அறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. எங்கள் முற்றத்தில் வீட்டுக்காரர் ஒருமுறை குழாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஒரு குடித்தனக்காரரிடம் ஒப்படைத்தார்; குழாயடிச் சண்டை நின்றது மெய்தான்; ஆனால் அன்று முதல் சாவிக்காரரோடு யாரும் சகஜமாகப் பேசியதில்லை. நான் அந்தச் சாவியை வாங்கிக்கொள்ளும் வயதைக் கடந்துவிட்டேன்.

இந்தச் சங்கடத்துக்கு உலகம் வேறு தீர்வுகளையும் கண்டிருக்கிறது. 1925இல் பாரிஸில் மீமெய்வாதக் கவிகளும் ஓவியர்களும் ஒரு தாளை மடித்து மடித்து, முன்னவர் வரைந்தது தெரியாமலே அடுத்தவர் தொடரும் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் மற்றவரைப் பாராதிருப்பதால் அங்கே கௌரவம் பழுதுபடுவதில்லை. இதற்கு நேர்மாறாக, 2017 ஏப்ரலில் 72 மணிநேரம் இணையத்தில் திறந்திருந்த 'பிளேஸ்' என்னும் பலகையில், ஆயிரத்துக்கு ஆயிரம் என்று பத்து லட்சம் கட்டங்கள். ஒருவர் ஒரு கட்டத்துக்கு நிறம் வைத்தால் சில நிமிஷம் காத்திருந்தே அடுத்ததை வைக்கலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நியர்கள் படை திரட்டி ஒருவர் கொடியை ஒருவர் அழித்துக்கொண்டார்கள். முகமறியாதார்க்கு அது உற்சவம். சிநேகிதருக்கு மடித்த தாளும் உதவாது, உற்சவமும் உதவாது. ஏனென்றால் சிநேகிதன் பார்க்கவேண்டும், பார்த்த பின்னும் கையை மடக்கிக்கொள்ளவேண்டும். இந்த இரண்டாவது காரியத்துக்கு எந்த மென்பொருளிலும் பொத்தான் கிடையாது.

போர்டு எழுதும் நண்பர்தான் இதை எனக்குத் தொழில்பாஷையில் விளக்கினார். ஃப்ளெக்ஸ் வந்து அவர் பிழைப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டதென்றாலும், 2024இல் பெயர்ப்பலகையில் அறுபது சதவிகிதம் கன்னடம் இருக்கவேண்டுமென்று சட்டம் வந்தபோது, பழைய பலகைகளைத் திருத்தியெழுதச் சில மாதங்களுக்கு மறுபடியும் ஏணி ஏறினார். கன்னடத்தைத் தாய்மொழிக்காரர் மெச்சும்படி எழுதுகிற கை அவருடையது. "எழுத்து அப்புறம். மொதல்ல பலகைல எங்க எழுதக்கூடாதுன்னு பாக்கணும். ஓரத்துல நாலு விரக்கடை விட்டாத்தான் எழுத்து மூச்சு விடும். ரோட்டுல போறவன் படிக்கறது அந்தக் காலி எடத்தத்தான்," என்றார். வங்கி நண்பரின் புகையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன். "நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா கேக்கல," என்று முடித்துவிட்டார்.

இந்த விவகாரம் நடந்துகொண்டிருக்கையில் மார்கழி வந்தது. மெட்ரோ ரயில் தலைக்குமேல் ஓடத் தொடங்கிய 2014க்குப் பின்னர் எங்கள் பேட்டையின் முகம் எவ்வளவோ மாறிவிட்டது. எனினும் விடியற்காலையில் சாக்கடைப் பாலத்துக்கும் ஸ்கூட்டர் வரிசைக்கும் நடுவே கிடைக்கிற மூன்றடிச் சிமெண்டில் தண்ணீர் தெளித்துப் புள்ளி வைக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசற்கோலம் எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த வீட்டுக் கோலம் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் ஒருவர் கால்வைத்துப் போகும் அளவு இடம் விட்டிருக்கும். டொரண்டோ நண்பரின் மனைவி, அண்ணி என்றே நாங்கள் அழைப்பது, அங்கே உறைபனியில் கோலப்பொடி பிடிப்பதில்லை என்று வருந்தி, ஒருநாள் கணவரின் இடத்தில் உட்கார்ந்து எங்கள் தளத்தில் பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்தி வைத்தார். புள்ளிகளை மட்டும் வைத்தார். "இழை நீங்க எல்லாரும் சேந்து போடுங்க," என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அது வைக்கப்பட்டிருந்தது நடு வெளியில், அரைப் புகைபோக்கிக்கு வலப்புறம். ஆண்கள் நால்வர், அறுபதை நெருங்குகிறவர்கள், ஒரு புள்ளியைச் சுற்றி எப்படித் திரும்புவது என்று தெரியாமல் ஒரு மணிநேரம் திண்டாடினோம். ஒருவர் இழுத்த இழை இன்னொருவர் இழையைச் சந்திக்கும் இடத்தில் இருவரும் நின்றோம், ஒதுங்கினோம், மறுபடியும் ஒரே நேரத்தில் நகர்ந்து மோதினோம். வங்கி நண்பர் அன்று அழிப்பானைத் தொடவேயில்லை. பிசகிய இடங்களில் தம்முடையதைத் தாமே திரும்பப் பெற்று, மறுபடியும் போட்டார். இழை மேற்கே வளர்ந்து வளர்ந்து புகைபோக்கியின் அடிச்செங்கல்வரை வந்தது. அங்கே வந்ததும் நால்வரும், ஒருவரோடொருவர் பேசாமலே, கையை எடுத்துவிட்டோம். இடதுபுறத்து ஏழு புள்ளிகள் இழையின்றி நின்றன.

வருகைப் பட்டியலில் டர்னரின் பெயர் தோன்றியது அப்போதுதான். நிகழ்ந்த கைவீச்சுகள் யாவும், அந்த நள்ளிரவு அழிப்பு உட்பட, அவர் திரையில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய முனை செங்கல்களின் பக்கம் வந்து, முதல் காலிப் புள்ளியின்மேல் நின்றது. கோடு ஒன்றும் விழவில்லை. பதினொரு நிமிஷம் அங்கேயே இருந்துவிட்டுப் பெயர் மறைந்தது. அந்தப் பதினொரு நிமிஷமும் மற்ற நான்கு முனைகளும் அசையவில்லை.

அடுத்த மாதத்து வாடகைக்கு அவர் பங்கு நூறு ரூபாய், ஒன்றாம் தேதியன்று காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டது.